ஏறாத பாறைகளின் கொப்பி

பாசிக்குடாவில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில், பிரித்தானியாவில் வாழும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை



எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். எதைப் பற்றியும் பேசலாம் என்றார் செயலாளர். நான் ஷெஃபீல்ட் நகரத்தில் இருபத்தாறு வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன். நாற்பத்தொரு வயதில் பாறை ஏறத் தொடங்கினேன். தாதி வேலையைப் பற்றிப் பேச இந்த மண்டபத்தில் என்னைவிடத் தகுதியான பத்துப் பேராவது இருக்கிறீர்கள். ஆகவே பாறையைப் பற்றியே பேசுகிறேன். அதிலும் பாறை ஏறுகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றி: ஏற வேண்டிய வழிகளை நீள நீளமாக எழுதி வைப்பது.

என்னிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. 80 பக்க ஒற்றைறூள் கொப்பி. அதில் 143 வழிகளின் பெயர்கள். ஏறி முடித்து வெட்டியது 52. நேற்றிரவு உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அன்ரி, வெட்டினதை விட வெட்டாததுதானே கூட. ஏறி முடிக்க ஏலாதெண்டு தெரிஞ்சும் ஏன் எழுதுறீங்க?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. படுக்கப் போன பிறகுதான் வந்தது, ஒன்றல்ல, நாலைந்து.

முதலில் வழி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஷெஃபீல்டுக்கு மேற்கே ஸ்ரனேஜ் என்ற பாறை விளிம்பு இருக்கிறது. உயரம் அதிகமில்லை, நம் ஊர்க் கோயில் கோபுரத்தளவுதான். ஆனால் மைல் கணக்காக நீண்டு கிடக்கிறது. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. ஒரு வெடிப்பு ஒரு வழி, அதற்கு நாலடி தள்ளியிருக்கும் மூலை இன்னொரு வழி. முதலில் ஏறியவர் பெயர் வைப்பார், எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு தரமும் சொல்லப்படும். இந்தத் தரங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். ‘கடினம்’ என்று ஒரு தரம், அதற்கு மேல் ‘மிகக் கடினம்’. இவை இரண்டும் புதிதாக வருகிறவர்களுக்கானவை! நூறு வருடத்துக்கு முன் அவை கடினமாகத்தான் இருந்தன. பிறகு வந்தவர்கள் அதைவிடக் கடினமானவற்றை ஏற ஏற, மேலே புதிய பெயர்களை அடுக்கிக்கொண்டு போனார்கள், கீழே இருந்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. பட்டியல் எப்படி வளரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஏன் நீளமான பட்டியல் என்பதற்கு முதற் காரணம் வெறும் நடைமுறைக் காரணம். இங்கிலாந்தில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஈரப் பாறையில் ஏற முடியாது. வடக்குப் பார்த்த பாறை குளிர்காலம் முழுவதும் பச்சை பிடித்துக் கிடக்கும். இளவேனிலில் சில இடங்களில் வல்லூறு கூடு கட்டும், குஞ்சு பறக்கும் வரை அந்தப் பக்கம் போகக்கூடாதென்று அறிவித்தல் போடுவார்கள். கயிறு பிடிக்க வருகிற தோழிக்கு இன்று முழங்கால் நோ. எனக்கு இரவு வேலை முடிந்து கை நடுங்குகிறது. இவ்வளவையும் கழித்துவிட்டுப் பார்த்தால், 143 இல் இன்றைக்கு ஏறக்கூடியது மூன்றோ நாலோதான். பட்டியலில் பத்து மட்டும் இருந்திருந்தால் அன்று வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

வாவியில் வலை வீசுகிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். வாடைக்கு ஒரு இடம், கச்சானுக்கு ஒரு இடம், தண்ணீர் கலங்கினால் இன்னொரு இடம் என்று அவர் தலைக்குள் ஒரு பட்டியல் இருக்கும். அவர் அதை ஆசை என்று சொல்லமாட்டார்.

இந்தக் கடலிலேயே இன்னொரு உதாரணம் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைக் குண்டு போட்டுத் தாழ்த்தின. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே நாளில் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ற்’ என்ற எண்ணெய்க் கப்பலும் தாண்டது, அது கிடப்பது நாம் இப்போது இருக்கும் இந்தப் பாசிக்குடாப் பக்கக் கடலில். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற சுழியோடிகளின் பட்டியலில் இந்த இரண்டு பெயரும் இருக்கின்றன. எண்ணெய்க் கப்பலுக்கு ஓரளவு பழகியவர்கள் இறங்கலாம். ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், கடலும் அடங்கியிருக்க வேண்டும். வருடத்தின் நடுப்பகுதி மாதங்களில்தான் அது நடக்கும். ஆகவே ஒருவர் பெயரை எழுதி வைத்து, பயிற்சி எடுத்து, காசு சேர்த்து, வருடக் கணக்கில் காத்திருந்து இங்கே வருகிறார். நாங்கள் சின்ன வயதில் இந்தக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடந்து போய் விளையாடியபோது, அப்பால் என்ன கிடக்கிறதென்று எங்களில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. பாறை ஏறுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது ‘ஒன்சைட்’ என்பதை. ஒரு வழியை முன்பு தொட்டுப் பார்க்காமல், வேறொருவர் ஏறுவதைப் பார்த்துப் படிக்காமல், முதல் முயற்சியிலேயே விழாமல் ஏறி முடிப்பது. ஒரு வழிக்கு ஒரே ஒரு தடவைதான் அது வாய்க்கும். விழுந்தால் போயிற்று. மறுநாள் ஏறலாம், ஆனால் அது வேறு கணக்கு. ஆகவே மிகவும் விரும்பும் வழியை நாங்கள் ஏறாமல் வைத்திருப்போம், அதன் அடிவாரத்தால் நூறு தடவை நடந்து போவோம், நிமிர்ந்து பார்ப்போம், இன்னும் இல்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போவோம். ஸ்ரனேஜில் ‘வலது வெல்லமுடியாதது’ என்று ஒரு வழி. 1949 இல் மன்செஸ்ரர் இளைஞர் ஜோ பிறவுண் முதலில் ஏறியது. என் கொப்பியில் அது 9 ஆம் இலக்கம். பதினொரு வருடமாக இருக்கிறது. அதில் இன்னும் கை வைக்கவில்லை.

நல்ல துப்பறியும் நாவலை முதல் தடவை வாசிக்கிற அனுபவம் ஒருமுறைதான் கிடைக்கும் என்பது போல இது. ஆனால் நாவல் காத்திருந்தாலும் வாசிக்கிறவளின் விரலுக்கு வயது போவதில்லை. பாறையில் அந்தக் கணக்கும் உண்டு. மிகக் காலம் தாழ்த்தினால் அந்த வழிக்கு வேண்டிய பலம் உடம்பில் இராது. எப்போது தயார் என்று தீர்மானிப்பதுதான் இந்த விளையாட்டின் பாதி.

பட்டியலை யார் எழுதித் தருகிறார்கள்? பெரும்பாலும் மற்றவர்கள். 1891 இல் சேர் ஹியூ மன்றோ என்பவர் ஸ்கொட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை எல்லாம் ஒரு அட்டவணையாக வெளியிட்டார். இன்றைய கணக்கில் 282. ‘மன்றோக்கள்’ என்றே அந்த மலைகளுக்குப் பெயர். 1901 இல் றொபேட்சன் என்ற பாதிரியார் எல்லாவற்றையும் ஏறி முடித்ததாகச் சொல்வது வழக்கம். பிறகு ஆயிரக்கணக்கானோர் முடித்துவிட்டார்கள். முடிக்காதவர்களில் ஒருவர் மன்றோ. 1919 இல் இறக்கும்போது அவருக்கு இன்னும் மிச்சம் இருந்தது. ஸ்கை தீவில் மீன் செட்டை போல நிற்கும் ஒரு பாறைக் கூர் இருக்கிறது, பெயரே ‘நெருங்க முடியாத கூர்’. கயிறு இல்லாமல் போக முடியாத ஒரே மன்றோ அதுதான். அதில் அவர் ஏறவே இல்லை. ஆனாலும் அந்த அட்டவணையை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை.

பிரான்சின் மலை வழிகாட்டி கஸ்ரன் றெபுபா 1973 இல் மோன் பிளாங் மலைத்தொடரின் நூறு வழிகளை ஒரு புத்தகமாகத் தந்தார். அதை அவர் அடுக்கிய முறையே ஒரு படிப்பு: முதலாவது இலகுவானது, போகப் போகக் கடினம், நூறாவது மிகக் கடுமையான ஒரு தூண். பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தால் போதும், ஒரு ரீச்சர் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல இருக்கும்.

இதை வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நம் மாகாணத்துக் காடுகளில் வேடர் சமூகத்தவர் எத்தனை தலைமுறையாகப் பாறை ஏறினார்கள்! செலிக்மன் தம்பதியினர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் தேன் எடுப்பு விரிவாக வருகிறது. செங்குத்துப் பாறையில் தொங்கும் பெருந்தேனீக் கூட்டுக்கு, மேலிருந்து கொடியால் திரித்த ஏணியை இறக்கி, புகை காட்டி, பாட்டுப் பாடி இறங்குவார்கள். எந்தப் பாறையில், எந்த மாதத்தில், எந்தப் பக்கமாக என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த அந்தப் பட்டியலுக்குக் கொப்பி தேவைப்படவில்லை, தேன் தேவைப்பட்டது.

இனிப் பெண்களின் கதைக்கு வருகிறேன். இது பெண் பிள்ளைகளின் கல்லூரி என்பதால் இதில் கொஞ்சம் கூட நேரம் எடுப்பேன், தலைவி அக்கா மணி அடிக்கக் கூடாது.

1929 ஓகஸ்ட் மாதம், பிரான்சின் ஷமொனிக்கு மேலே உள்ள கிறெப்போன் என்ற பாறைக் கோபுரத்தை மிரியம் ஓபிறையன் என்ற அமெரிக்கப் பெண்ணும் அலிஸ் டமேம் என்ற பிரெஞ்சுப் பெண்ணும் ஆண் துணையில்லாமல் ஏறி இறங்கினார்கள். அன்று மாலை ஒரு பெயர்பெற்ற மலையேறி சொன்ன கருத்து இன்றுவரை சொல்லப்படுகிறது: பாறை அங்கேதான் நிற்கிறது, ஆனால் கிறெப்போன் மறைந்துவிட்டது, இரண்டு பெண்கள் தனியே ஏறிய பிறகு மானமுள்ள ஆண் எவனும் அதில் ஏற முடியாது என்று. அவருடைய பட்டியலில் ஒன்று குறைந்தது. எங்கள் பட்டியலில் ஒன்று கூடியது!

அதற்கு எட்டு வருடம் முன்பு, 1921 இல், வேல்ஸ் மலைப்பகுதி விடுதி ஒன்றில் ‘பினக்கிள் கிளப்’ என்ற பெண்கள் சங்கம் தொடங்கப்பட்டது. கயிற்றின் முன்முனையில் எப்போதும் ஆணே போனால் பெண் ஒருநாளும் வழி கண்டுபிடிக்கப் பழகமாட்டாள் என்பதுதான் அவர்களின் எண்ணம். சங்கம் தொடங்க முன்னின்ற பற் கெலி அடுத்த வருடமே மலையில் நேர்ந்த விபத்தில் இறந்துபோனார். சங்கம் நூறு வருடத்தைக் கடந்து இன்றும் இருக்கிறது, நம் சங்கம் போலவே.

யுங்கோ தபெய் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1975 மே 16 ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதற் பெண். அவர் மலையைக் கண்டது பத்து வயதில், பாடசாலை ஆசிரியர் வகுப்பைக் கூட்டிக்கொண்டு நாசு என்ற மலைக்குப் போனபோது. ஒரு வகுப்புச் சுற்றுலா! 1969 இல் பெண்களுக்கென்று ஒரு ஏறுநர் சங்கம் தொடங்கினார். எவரெஸ்டுக்குக் காசு கேட்டுப் போனபோது, வீட்டில் இருந்து பிள்ளை வளருங்கள் என்று பதில் வந்தது. அவருக்கு அப்போது சின்னஞ்சிறு மகள் இருந்தாள். ஏறும் வழியில் பனிச்சரிவு கூடாரங்களை மூடியது, மயங்கிக் கிடந்தவரை இழுத்தெடுத்தார்கள். பன்னிரண்டு நாளில் உச்சியில் நின்றார். 1992 இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் ஏறிய முதற் பெண்ணும் அவரே. அத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் உள்ள அதியுயர்ந்த மலையை ஏறுவது என்று புதிய பட்டியல் போட்டார். எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறினார், எல்லாம் முடியாது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? புற்றுநோய் வந்த பிறகும் ஏறினார். 2016 யூலையில், சுனாமியும் அணு உலை விபத்தும் கண்ட புக்குஷிமாப் பகுதிப் பாடசாலைப் பிள்ளைகளை பியூஜி மலைக்குக் கூட்டிப் போனார். ஒக்டோபரில் காலமானார். சுனாமியைக் கண்ட நமக்கு அந்தக் கடைசிப் பயணம் எதற்கென்று விளங்கும்.

நம் நாட்டில் ஜயந்தி குரு உதும்பால 2016 மே 21 இல் எவரெஸ்ட் ஏறினார். உச்சியைத் தொட்ட முதல் இலங்கையரே ஒரு பெண். கூடப் போன ஜொஹான் பீரிஸ் உச்சிக்குச் சில நூறு மீற்றர் இருக்கும்போது திரும்பி இறங்கினார். இரண்டு வருடம் அந்தப் பெயர் அவர் பட்டியலில் வெட்டாமல் இருந்தது, 2018 இல் வெட்டினார். என்னைக் கேட்டால் இறங்கியதுதான் பெரிய காரியம். தமிழ்நாட்டில், ஜப்பானிய மொழி கற்பித்துக்கொண்டிருந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார், அந்த மாநிலத்திலிருந்து ஏறிய முதற் பெண்.

பட்டியலுக்கு ஒரு கறுத்தப் பக்கமும் உண்டு, அதை மறைத்தால் இந்தப் பேச்சு விளம்பரமாகிவிடும். போலந்தின் வண்டா ருத்கியேவிச் 1986 இல் கே-2 உச்சியை அடைந்த முதற் பெண். 8,000 மீற்றருக்கு மேற்பட்ட மலைகள் உலகில் பதினான்கு. மிஞ்சியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் குறுகிய காலத்தில் முடிப்பதென்று திட்டம் போட்டு, அதற்குக் ‘கனவுகளின் வண்டித்தொடர்’ என்று பெயரும் வைத்தார். 1992 மே மாதம் கஞ்சன்ஜங்காவில் தனியே மேலே போனவர் திரும்பவில்லை. எட்டு மலை முடித்திருந்தார். பட்டியலுக்குத் திகதி போட்டவுடன் அது எங்களை ஏறத் தொடங்கும். என் கொப்பியில் இலக்கம் உண்டு, பெயர் உண்டு, திகதி இல்லை.

அடுத்தது சொல்லக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். போன முறை ஊருக்கு வந்தபோது, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருத்தியிடம் இந்தக் கொப்பியைக் காட்டினேன். அவள் ஊரை விட்டுப் போகாதவள். 1990 இல் கணவனை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு மூடித் தந்தாள். “நல்லாத்தான் இரிக்கிகா. நீங்க போறவங்க, பட்டியல் போடுவீங்க. நாங்க என்னத்தகா போடுற?” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது சரி. விரும்பியதை எழுதி வைக்கக் காசு, விடுமுறை, கடவுச்சீட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், எல்லாவற்றுக்கும் மேலாக நாளைக்கும் வீதி திறந்திருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். எங்கள் காலத்தில் அந்தக் கடைசி ஒன்று இருக்கவில்லை. புவியியல் ரீச்சர் எங்கள் வகுப்பைக் குடும்பிமலைக்குக் கூட்டிப் போவதாக இருந்தார். 500 மீற்றருக்குச் சற்று மேல் உயரம், ‘பாரன்ஸ் கப்’ என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தான், நமக்கு அது முடிந்த குடும்பி போலத் தெரிந்தது. பஸ் பேசி, கட்டுச்சோற்றுக்கு ஆள் பிரித்து, பெயர்ப் பட்டியலும் எழுதியாயிற்று. 34 பெயர். நிலைமை சரியில்லை என்று நின்றது. அடுத்த தவணை என்றார்கள். அடுத்த வருடம் என்றார்கள். அதன் பிறகு அந்தப் பாதையால் யாரும் சுற்றுலா போகவில்லை. 2007 யூலையில் செய்திகளில் தொப்பிகல என்ற பெயர் வந்தபோது, ஷெஃபீல்டில் சாப்பாட்டு மேசையில் இருந்து அது எங்கள் குடும்பிமலை என்று என் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது.

அந்த 34 பெயரில் இன்று உயிரோடு இருப்பவர்கள் 27. ஊரில் 11, மற்றவர்கள் கனடா, சுவிஸ், அவுஸ்திரேலியா, லண்டன்.

இரண்டு கிழமை கழித்து அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மகளின் கணக்குக் கொப்பியில் கிழித்த தாள். ஏழு வரி. பதுளை றெயிலில் ஒரு தடவை. பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கு மேலே ஏறிப் பார்ப்பது. கண்ணுக்கு ஒப்பரேசன். சைக்கிள் பழகுவது. மற்ற இரண்டையும் இங்கே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. முதலாவது வரி: குடும்பிமலை, ரீச்சர் சொன்னது.

இன்று அவள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். சைக்கிள் வெட்டியாயிற்று, கை சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை.

ஆகவே ஒரு அறிவித்தலோடு முடிக்கிறேன். நாளைக் காலை 4.30 மணிக்கு விடுதி வாசலில் இருந்து இரண்டு வான் கிரான் பக்கமாகப் புறப்படும். வெயில் ஏறுமுன் மலையில் இருந்து இறங்கிவிட வேண்டும், பாறை சுட்டால் கால் வைக்க முடியாது. சேலை வேண்டாம், செருப்பு வேண்டாம், சப்பாத்து போடுங்கள். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். தேன்கூடு கண்டால் சத்தம் போடக் கூடாது. முழங்கால் நோ உள்ளவர்கள் அடிவாரத்தில் இருக்கலாம், ரீச்சர் அங்கேதான் கதிரை போட்டு இருப்பார், எண்பத்துமூன்று வயதில் வருவதாக அவரே பெயர் தந்திருக்கிறார். கட்டுச்சோறு கிரானில் இருக்கும் தங்கச்சிமார் கொண்டு வருகிறார்கள். இரண்டாவது வானில் இன்னும் நாலு இடம் இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்னிடம் பெயர் தாருங்கள். பழைய பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது, அதில் இல்லாதவர்களும் வரலாம்.